மாதத் தவணை எகிறியதற்குக் கவுண்டியைத் திட்டிப் பயனில்லை

கேள்வி: டெக்சாஸில், ஃபிரிஸ்கோ நகரின் காலின் கவுண்டி (மாவட்டம்) பக்கம் குடியிருக்கிறோம். 2024 மே மாதம் புது வீடு வாங்கினோம். ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வீட்டுக் கடன் மாதத் தவணை இந்த மார்ச் முதல் 1,250 டாலர் கூடிவிட்டது. கவுண்டி வரியை இப்படி ஏற்றலாமா? இதற்கிடையில் 'ஹோம்ஸ்டெட் பதிவு, கடைசி அறிவிப்பு' என்று ஒரு கடிதம். 95 டாலர் கேட்கிறார்கள். படம் இணைத்திருக்கிறேன். கட்டலாமா? அம்மாவின் அறுவை சிகிச்சைக்காகக் குடும்பத்தோடு ஏழெட்டு மாதம் மதுரைக்குப் போகிறோம். அதனால் வரி விஷயத்தில் ஏதும் சிக்கல் வருமா?

பதில்: முதலில் அந்த 95 டாலர். கட்டாதீர்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஜன்னல் வைத்த பழுப்பு உறை, நடுவில் ஒரு நட்சத்திர முத்திரை, உங்கள் பெயர், வீட்டு விலாசம், சொத்து எண், சிவப்பில் ஒரு கெடு தேதி. பார்த்தால் யாருக்கும் வயிறு கலங்கும். ஆனால் அந்தச் சொத்து எண் ரகசியமே இல்லை. சொத்துக்கு மதிப்பு போடும் மதிப்பீட்டு அலுவலகத்தின் இணையதளத்தில் உங்கள் தெருப்பெயரைத் தட்டினால் எவருக்கும் கிடைக்கும். இப்படிக் கடிதம் அனுப்புகிறவர்கள் 'இது விளம்பரம், டெக்சாஸ் அரசின் ஆவணம் அல்ல' என்று அதிலேயே அச்சிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. உங்கள் கடிதத்திலும் இருக்கிறது. முத்திரைக்குக் கீழே பாருங்கள், மடிப்பு விழுந்த இடத்தில்.

ஹோம்ஸ்டெட் விலக்கு என்பது சொந்த வீட்டில் குடியிருப்பவருக்குச் சொத்து வரியில் தரும் கழிவு. அதற்கு விண்ணப்பிக்க ஒரு சென்ட் கட்டணம் கிடையாது. 50-114 என்று ஒரு படிவம். காலின் கவுண்டி மதிப்பீட்டு அலுவலகத்தின் தளத்திலேயே நிரப்பலாம், பத்து நிமிட வேலை. ஓட்டுநர் உரிமத்தில் இந்த வீட்டு விலாசம் இருக்க வேண்டும். பழைய அபார்ட்மென்ட் விலாசமே இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், 11 டாலர் ஆகும். இந்த விஷயத்தில் நீங்கள் செலவழிக்க வேண்டிய பணம் அவ்வளவுதான். விசாவில் இருக்கிறோமே என்று தயங்குகிறவர்களும் உண்டு. படிவத்தில் குடியுரிமை கேட்கும் கட்டமே இல்லை.

'பில்டரோ டைட்டில் கம்பெனியோ போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன்' என்றும் எழுதியிருந்தீர்கள். போட மாட்டார்கள். க்ளோஸிங் அன்று, அதாவது வீடு உங்கள் பெயருக்கு மாறும் நாளில், நூறு காகிதத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள், இந்த ஒன்று மட்டும் அந்தக் கட்டில் இருக்காது. ஏன் இருக்கக்கூடாது என்று நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

சரி, தவணைக்கு வருவோம். கவுண்டி உங்கள் வரியை இப்படி ஏற்றவில்லை. நடந்தது வேறு. டெக்சாஸில் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று சொத்து எப்படி இருந்ததோ, அதற்குத்தான் வரி. 2024 ஜனவரி 1 அன்று உங்கள் வீடு இருந்ததா? வெறும் மனை. அதனால் அந்த ஆண்டுக்கான பில் மனைக்கு மட்டும் வந்தது. 2025 ஜனவரி 1 அன்று முழு வீடு நின்றது. அந்த பில் போன குளிர்காலத்தில் வந்து, உங்கள் எஸ்க்ரோ கணக்கிலிருந்து (வரிக்காகத் தவணையோடு சேர்த்து வாங்கிக் கடன் நிறுவனம் ஒதுக்கிவைக்கும் பணம்) போய்விட்டது. கணக்கில் போதுமான பணம் இல்லை, கடன் நிறுவனம் கைக்காசைப் போட்டுக் கட்டியிருக்கிறது.

ஒரு சுமார் கணக்குப் போடுகிறேன். வீடு 5 லட்சம் டாலர், அதில் மனை 1.2 லட்சம், எல்லா வரியும் சேர்த்து 2 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனைக்கு மட்டும் ஆண்டுக்கு 2,400, அதாவது மாதம் 200. முழு வீட்டுக்கு 10,000, மாதம் 833. அதோடு விட்டதா? போன ஆண்டு குறைந்த 7,600 டாலரையும் 12 மாதத்தில் திருப்பி எடுப்பார்கள், மாதம் 633. ஆக 200 இருந்த இடத்தில் 1,466. உங்கள் 1,250 எங்கிருந்து வந்தது என்று புரிகிறதா? இதில் அந்த 633 ஒரு வருடத்துக்குத்தான். பற்றாக்குறை அடைந்ததும் தவணை இறங்கும், ஆனால் பழைய இடத்துக்கு வராது. பழைய தவணைதான் பொய்க் கணக்கு. வீடு விற்கும்போது அந்தக் குறைந்த தவணையைக் காட்டி 'பட்ஜெட்டுக்குள் வந்துவிடும்' என்று சொன்ன ஏஜென்டுக்கு இது தெரியாமல் இருக்காது.

இந்தச் சுமையைக் குறைக்கத்தான் ஹோம்ஸ்டெட். 2025 நவம்பர் வாக்கெடுப்புக்குப் பிறகு, பள்ளி மாவட்ட வரிக்கு (உள்ளூர்ப் பள்ளிகளுக்குப் போகும் பங்கு) வீட்டு மதிப்பில் 1,40,000 டாலர் கழித்துக்கொள்கிறார்கள். அதற்கு முன் 1,00,000 இருந்தது. புதுத் தொகை 2025 பில்லுக்கே செல்லும். பள்ளி வரி மட்டும் சுமார் 1 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால் 1,400 டாலர் மிச்சம். நகரமும் கவுண்டியும் தங்கள் பங்குக்குக் கழிவு தந்தால் அது தனி.

'ஏப்ரல் 30 கெடு' என்று படித்துவிட்டு போன வருடத்தைக் கோட்டை விட்டோமே என்று பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். விட வேண்டாம். ஒரு வருட வரி பாக்கியாகும் தேதியிலிருந்து இரண்டு ஆண்டு வரை அந்த வருடத்துக்கான விலக்கைத் தாமதமாகவும் கேட்கலாம். 2025க்கான தேதி 2026 பிப்ரவரி 1. அதனால் 2025க்குத் தாராளமாகக் கேளுங்கள். பணம் ஏற்கெனவே கட்டியிருந்தால் திருப்பித் தருவார்கள், செக் உங்கள் பெயருக்கு வரும். வந்ததும் காஸ்ட்கோவுக்கு ஓடாமல் எஸ்க்ரோ பற்றாக்குறையில் போடுங்கள். அந்த 633 அங்கேயே சுருங்கும்.

போன வருடத்துக்கு வாங்குவதில் இன்னொரு லாபம் உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. ஹோம்ஸ்டெட் கிடைத்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு முதல், வரிக்கான மதிப்பு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறாது. 2025க்கு வாங்கினால் அந்தப் பூட்டு 2026லேயே விழும்.

அப்புறம் புரொடெஸ்ட், அதாவது அவர்கள் போட்ட மதிப்பை எதிர்த்து முறையிடுவது. ஏப்ரல் மாதத்தை ஒட்டி மதிப்பீட்டு நோட்டீஸ் வரும். மே 15, அல்லது நோட்டீஸ் அனுப்பிய நாளிலிருந்து 30 நாள், எது பிந்தியதோ அதற்குள் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். இதற்கும் கட்டணம் இல்லை. நோட்டீஸ் வந்த மறுநாளே 'நாங்கள் குறைத்துத் தருகிறோம், குறைத்ததில் பங்கு கொடுத்தால் போதும்' என்று கம்பெனிகள் வரிசை கட்டும். நேர்மையானவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு வரியை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பாருங்கள்: பங்கு எதில்? சந்தை மதிப்பைக் குறைத்ததிலா, உங்கள் வரியைக் குறைத்ததிலா? 10 சதவீதப் பூட்டு விழுந்த வீட்டில் சந்தை மதிப்பு 6 லட்சம், வரிக்கான மதிப்பு 5.2 லட்சம் என்று இருக்கும். அவர்கள் 6 லட்சத்தை 5.6 ஆக்கிவிட்டு வெற்றி என்பார்கள். உங்கள் பில்லில் ஒரு டாலர்கூடக் குறையாது, அவர்களுக்குப் பங்கு மட்டும் போகும்.

நீங்களே போனால் ஒரு விஷயம் நினைவில் இருக்கட்டும். டெக்சாஸில் நீங்கள் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பதை அரசிடம் சொல்லக் கட்டாயமில்லை. வாங்கிய விலை அவர்கள் போட்ட மதிப்பைவிடக் குறைவா? க்ளோஸிங் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு போங்கள். கூடவா? அந்தக் காகிதம் அலமாரியிலேயே இருக்கட்டும். பக்கத்து வீடுகளின் மதிப்பை வைத்துப் பேசுங்கள். அவர்கள் பக்க ஆதாரத்தை எழுதிக் கேட்டால் விசாரணைக்கு 14 நாள் முன்பே தர வேண்டும். பாதிப்பேர் கேட்பதே இல்லை.

'மதிப்பீட்டு அலுவலகத்தில் போய்ச் சண்டை போட்டேன், வரி விகிதம் எங்கள் கையில் இல்லை என்கிறார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது உண்மைதான். மதிப்பு போடுவது ஓர் அலுவலகம், விகிதம் வைப்பது பள்ளி மாவட்டம், நகரம், கவுண்டி, கல்லூரி என்று நாலைந்து சபை, வசூலிப்பது இன்னொரு அலுவலகம். எங்கே போனாலும் கை அடுத்த கட்டடத்தைக் காட்டும். கவுண்டியின் விகிதத்தை வைக்கும் கமிஷனர்ஸ் கோர்ட் பெயரில்தான் கோர்ட், உண்மையில் அது நான்கு கமிஷனர்களும் கவுண்டி ஜட்ஜ் ஒருவரும் உட்காரும் நிர்வாக சபை. ஆகஸ்ட், செப்டம்பரில் விகிதத்துக்குப் பொது விசாரணை வைப்பார்கள். நான் போய்ப் பார்த்த கூட்டங்களில் நாற்காலிகள்தான் அதிகம். பில் வந்த பிறகு நவம்பரில் கத்தினால் கேட்க ஆள் இருக்காது.

மதுரைப் பயணம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பலரும் பயப்படுவது இதற்குத்தான். வீட்டில் குடியிருப்பவருக்குத்தான் ஹோம்ஸ்டெட் என்பது சரி. ஆனால் தற்காலிகமாக வெளியே இருந்தால் அது போகாது. மூன்று நிபந்தனை: இரண்டு ஆண்டுக்குள் இருக்க வேண்டும், திரும்பி வந்து குடியேறும் எண்ணம் இருக்க வேண்டும், வேறோர் இடத்தை உங்கள் முதன்மை வீடாக ஆக்கியிருக்கக் கூடாது. அம்மா வீட்டில் தங்கி மருத்துவமனைக்கு அலைவது முதன்மை வீடு ஆகாது. கம்பெனி உங்களைப் பெங்களூருக்கே மாற்றி, அங்கே ஃபிளாட் வாங்கி, பிள்ளைகளைப் பள்ளியிலும் சேர்த்துவிட்டால் கதை வேறு. கணவன், மனைவியில் ஒருவர் இங்கேயே இருந்தால் கேள்வியே எழாது. ஓர் அறையை மட்டும் வாடகைக்கு விட்டாலும் விலக்கு கெடாது. நீங்கள் இல்லாத எட்டு மாதத்துக்கு முழு வீட்டையும் வாடகைக்கு விடுகிறேன் என்றால், போவதற்கு முன் மதிப்பீட்டு அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை வேண்டாம்.

உண்மையான ஆபத்து தபால்பெட்டியில் இருக்கிறது. விலக்கு வாங்கியவர்கள் இன்னும் தகுதியோடு இருக்கிறார்களா என்று ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது சரிபார்க்க வேண்டும் என்பது 2023 சட்டம். அதற்குக் கடிதம் வரும். நீங்கள் மதுரையில் இருக்க, பதில் போகாவிட்டால் விலக்கு ரத்தாகலாம். தபால் நிலையத்தில் கடிதங்களை நிறுத்திவைக்கச் சொன்னால் 30 நாள்தான் வைப்பார்கள். நம்பிக்கையான பக்கத்து வீட்டுக்காரரிடம் பெட்டிச் சாவியைக் கொடுத்து, மதிப்பீட்டு அலுவலகத்தின் பெயர் போட்டு எது வந்தாலும் பிரித்துப் படம் எடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பச் சொல்லுங்கள். நட்சத்திர முத்திரை போட்ட பழுப்பு உறை வந்தால் அனுப்ப வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.