சேலம் ஆபீஸிலும் ஏற்காடு ரிசார்ட்டிலும் 7 வருடமாக ஓடும் ஸ்விட்ச், ஃபயர்வாலை எப்போது மாற்றுவது?

“6 வருடம் தாண்டியாச்சு, மாற்றிடலாம்” என்கிறார் ஆடிட்டர். “ஓடுகிற வரை ஓடட்டும்” என்கிறார் முதலாளி. இதில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆடிட்டர் சொல்லும் 6, கம்பெனிகள் சட்டம் 2013-இன் இரண்டாம் அட்டவணையில் சர்வர்களுக்கும் நெட்வொர்க்குக்கும் உள்ள தேய்மானக் கணக்கு. கணக்குப் புத்தகத்தில் மதிப்பு தீர்ந்துவிட்டால் பெட்டியும் தீர்ந்துவிட்டது என்று ஆகாது. முதலாளி சொல்வது ஸ்விட்சுக்கு (உள்ளே கணினிகளை இணைக்கும் பெட்டி) பாதி சரி, ஃபயர்வாலுக்கு (இணையத்திலிருந்து வரும் தாக்குதலைத் தடுக்கும் பெட்டி) முழுத் தப்பு.

முதலில் பட்டியல். பழைய பில்லை நம்பாமல் ரேக்கைத் திறந்து எடுங்கள். சிஸ்கோ நிறுவனப் பெட்டி என்றால் ‘ஷோ இன்வென்டரி’, ‘ஷோ வெர்ஷன்’ என்ற இரண்டு கட்டளைகளே போதும். மாடல், சீரியல், மென்பொருள் பதிப்பு, எத்தனை நாளாக அணையாமல் ஓடுகிறது எல்லாம் வந்துவிடும். கூடவே ‘இது நின்றால் யார் வேலை நிற்கும்’ என்று ஒரு கட்டம் போடுங்கள். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஒளிந்திருக்கும் 8 போர்ட் (கேபிள் செருகும் துளை) ஸ்விட்ச் டப்பாக்கள் எந்தப் பில்லிலும் இருக்காது. பில்லிங் கவுண்டர் பெரும்பாலும் அதில்தான் தொங்கும்.

பிறகு தயாரிப்பாளரின் தளத்தில் விற்பனை நிற்கும் தேதியையும் ஆதரவு முடியும் தேதியையும் பாருங்கள். சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் 2960-எக்ஸ் ஸ்விட்சின் விற்பனை 2022 அக்டோபரில் நின்றது, ஆதரவு 2027 அக்டோபரில் முடிகிறது. வழக்கமான மென்பொருள் திருத்தங்கள் இதற்கு வெகு முன்பே நின்றுவிடும். ஃபயர்வால், ரவுட்டர் போல இணையத்தைத் தொடும் எதற்கும் பாதுகாப்புத் திருத்தம் நிற்கும் நாளே கடைசி நாள். ஆறு மாதம் முன்பே ஆர்டர் போடுங்கள். உள்ளே இருக்கும் ஸ்விட்சை அதற்குப் பிறகும் ஓட்டலாம். ஆனால் டெல்நெட்டையும் (குறியாக்கம் இல்லாத தொலை நுழைவு) ஸ்விட்சின் வெப் பக்கத்தையும் அணைத்து, ஸ்விட்ச் நிர்வாகத்துக்குத் தனி விலேன் (ஒரே ஸ்விட்சுக்குள் பிரித்த தனி வலை) வைத்து, அதே மாடலில் ஒரு ஸ்பேரை கான்ஃபிகர் செய்து தயாராக வைத்திருக்க வேண்டும்.

சேலத்தில் எதிரி வெயில். ஏசி இல்லாத அறையில் பவர் சப்ளையின் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டருக்கு 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதி. யு.பி.எஸ். சீல்டு பேட்டரி 25 டிகிரியிலேயே 3 முதல் 5 வருடம்தான். சேலத்தில் 3 வருடத்தில் கேள்வி கேட்காமல் மாற்றுங்கள். கரண்ட் போய் வரும்போதெல்லாம் ஸ்விட்ச் ரீஸ்டார்ட் ஆனால் முதல் சந்தேகம் பேட்டரி மீது, ஸ்விட்ச் மீது அல்ல. சி.ஆர்.சி. பிழை (வழியில் கெட்டுப்போன தரவின் எண்ணிக்கை) ஏறினாலும் அப்படித்தான்: முதலில் பேட்ச் கார்டு (ஸ்விட்சில் செருகும் குட்டைக் கேபிள்), அப்புறம் வேறு போர்ட், அப்புறம் சுவருக்குள் போகும் கேபிள். அலுமினியத்துக்குச் செம்பு பூசிய மலிவு கேபிளாக இருந்தால் புது ஸ்விட்ச் வாங்கியும் பயனில்லை. ஜவ்வரிசி ஆலை என்றால் மாவுத்தூசி ஃபேனை அடைக்கும், ஃபேன் இல்லாத மாடலே நல்லது.

ஏற்காட்டில் கதை வேறு. அங்கே பனி, ஈரம், இடி. நெட்வொர்க் கேபிளின் ஆர்ஜே-45 முனையில் பச்சை பிடித்திருக்கிறதா பாருங்கள். காட்டேஜுக்குக் காட்டேஜ் செம்புக் கேபிள் இழுத்திருந்தால், ஒரு மின்னலில் வரிசையாகப் போர்ட்கள் போகும். மாற்றும்போது அந்த இடங்களுக்கு சிங்கிள் மோட் ஃபைபர் (ஒளியில் தரவு கடத்தும் கண்ணாடி இழை) போடுங்கள். ஆர்மர்டு ஃபைபரின் இரும்பு உறை வழியாகவும் மின்னல் வரும் என்பதை ஒப்பந்தக்காரர் சொல்ல மாட்டார். உலோகமே இல்லாத கேபிள் கேளுங்கள், இல்லையென்றால் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் உறையை எர்த் செய்யுங்கள்.

புது ஸ்விட்ச் வாங்கும்போது பி.ஓ.ஈ. (நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் தருவது) கணக்கை விட்டுவிடாதீர்கள். ஸ்விட்ச் மொத்தம் தருவது 370 வாட் என்றால் 24 போர்ட்டுக்கும் 15.4 வாட் வரும். 30 வாட் கேட்கும் வைஃபை ஆக்சஸ் பாயிண்ட் என்றால் 12 தான்.

கழற்றிய ஸ்விட்சில் ‘ரைட் எரேஸ்’ (கான்ஃபிகரேஷனை அழிக்கும் கட்டளை) மட்டும் போதாது, ஃபிளாஷ் நினைவகத்தில் உள்ள vlan.dat கோப்பையும் அழியுங்கள். அழிக்காமல் ஸ்பேராக வைத்து ஒருநாள் செருகினால், அதே வி.டி.பி. (விலேன் பட்டியலை ஸ்விட்சுகளுக்கு இடையே பரப்பும் சிஸ்கோ முறை) டொமைனில் அதன் ரிவிஷன் எண் பெரிதாக இருக்கும் பட்சத்தில் ஓடிக்கொண்டிருக்கும் விலேன்கள் எல்லாம் காணாமல் போகும். விற்பதைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடாமல், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுத்து, சீரியல் எண்ணுடன் ரசீது வாங்குங்கள்.