பார்க்கின்சன் நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதை பெட் ஸ்கேன் சொல்லுமா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 67. ஆறு ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய்க்கு மருந்து எடுத்துக்கொள்கிறார். நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அறிய, மூளைக்கு எஃப்.டி.ஜி. பெட் ஸ்கேன் எடுத்தோம். புட்டாமெனிலும் சிறுமூளையிலும் குளுக்கோஸ் ஏற்பு கூடுதலாகவும், பெரைட்டல் பகுதியில் குறைவாகவும் இருப்பதாக அறிக்கை சொல்கிறது. கூடுதல் என்பது நல்ல அறிகுறியா? ஆண்டுதோறும் இந்த ஸ்கேனை எடுத்து, நோய் வளர்வதைக் கணிக்க முடியுமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: அதற்காக ஆண்டுதோறும் இந்த ஸ்கேன் எடுக்க வேண்டாம். முதல் கேள்விக்கான பதில் சற்று நீளமானது.

உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, உடல் செலவிடும் குளுக்கோஸில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. கதிரியக்கம் ஏற்றப்பட்ட ஒரு குளுக்கோஸ் வகையை ஊசி வழியாகச் செலுத்தி, எந்தப் பகுதி எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்று படம் பிடிப்பதே இந்த ஸ்கேன். ஆகவே, அசைவுக்குத் தேவையான டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களில் எத்தனை அழிந்தன என்பதை இது காட்டுவதில்லை. அந்த அழிவுக்குப் பின் மூளையின் மற்றப் பகுதிகள் எவ்வாறு வேலை செய்கின்றன என்பதையே காட்டுகிறது. டோபமைன் குறையும்போது, அசைவைச் சீராக்கும் சுற்றுகளின் சமநிலை குலைந்து, மூளையின் ஆழத்தில் உள்ள புட்டாமென், தாலமஸ் ஆகியவற்றிலும் சிறுமூளையிலும் செயல்பாடு ஒப்பீட்டளவில் மிகுகிறது. அதே வேளையில் அசைவைத் திட்டமிடும் முன்பகுதியிலும், பெரைட்டல் எனப்படும் மேல்பின்பகுதியிலும் அது குறைகிறது. எனவே 'கூடுதல்' என்ற சொல்லை ஆரோக்கியம் என்று பொருள்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு பகுதியையும் மூளையின் சராசரியோடு ஒப்பிட்டே இப்படிச் சொல்கிறார்கள் என்பதால், மற்றப் பகுதிகள் குறைந்திருப்பதும் ஓரிடத்தைக் கூடுதலாகக் காட்டக்கூடும்.

ஆனாலும் உங்கள் தந்தையின் அறிக்கையில் எனக்கு ஆறுதல் தரும் செய்தி ஒன்று உண்டு. பார்க்கின்சனைப் போலவே தோற்றம் தரும் வேறு நோய்களில் இந்தப் படம் மாறிவிடும். பல மண்டலச் சிதைவு நோயில் புட்டாமெனிலும் சிறுமூளையிலும் ஏற்பு குறையும். கண்ணசைவையும் நிலைதடுமாறாமல் நிற்கும் திறனையும் முதலில் தாக்கும் பி.எஸ்.பி. என்ற நோயில் நடுமூளையிலும் முன்மடலின் உட்பகுதியிலும் குறையும். இந்த இரண்டும், பார்க்கின்சனுக்குத் தரும் முதன்மை மருந்தான லெவோடோபாவுக்குப் பெரும்பாலும் நன்றாக இணங்காதவை. உங்கள் தந்தைக்குக் கிடைத்திருப்பது பார்க்கின்சனுக்குரிய வடிவம். நோயைச் சரியாகத்தான் கண்டறிந்திருக்கிறார்கள் என்பதை அது வலுப்படுத்துகிறது. இந்த ஸ்கேனின் உண்மையான பயன் இங்கேதான் என்பது என் கருத்து.

இந்த வடிவத்துக்கு மதிப்பெண் இட்டு ஆராய்ந்தவர்கள், நோயின் ஆண்டுகளும் அசைவுக் குறைபாடும் கூடக்கூட மதிப்பெண்ணும் உயர்வதையும், லெவோடோபா கொடுத்தாலோ மூளையின் ஆழத்தில் மின்தூண்டல் அளித்தாலோ அது தணிவதையும் கண்டிருக்கிறார்கள். ஆனால் அது பலரை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது தெரியும் உறவு. ஒரே மனிதரிடம் ஓராண்டில் நிகழும் மாற்றம் சிறியது. இரத்தச் சர்க்கரை அளவு, மாத்திரை விழுங்கிய நேரம், காத்திருக்கும்போது பேசியது, வேறு கருவியில் படம் எடுத்தது ஆகியவையே அதை மறைத்துவிடப் போதும். மேலும், இந்த மதிப்பெண் அசைவின் மந்தத்தோடும் விறைப்போடும் பொருந்தும் அளவுக்கு நடுக்கத்தோடு பொருந்துவதில்லை. நடுக்கத்துக்குத் தனிச் சுற்று உண்டு. கை வெகுவாக நடுங்கும் ஒருவரின் மதிப்பெண் குறைவாக இருப்பதும், நடுக்கமே இல்லாதவரின் மதிப்பெண் உயர்ந்திருப்பதும் நடக்கக்கூடியவைதான். டோபமைனைச் செல்லுக்குள் திரும்ப எடுத்துச்செல்லும் கடத்திகளைக் காட்டும் டாட் ஸ்கேனும் இதற்கு மாற்றாகாது. அறிகுறி தெரியத் தொடங்கும் காலத்திலேயே புட்டாமெனின் பின்பகுதியில் அந்தக் கடத்திகள் வெகுவாகக் குறைந்துவிட்டிருக்கும் என்பதால், அதன்பின் நோய் வளர்வதை அது தெளிவாகக் காட்டாது.

தீவிரத்தை அளக்க, நரம்பியல் மருத்துவர் நேரில் செய்யும் பரிசோதனைதான் இன்றும் சிறந்தது. 1967-இல் வெளியான ஹோன்-யார் முறை நோயை ஐந்து கட்டங்களாகப் பிரிக்கிறது, எம்.டி.எஸ்.-யு.பி.டி.ஆர்.எஸ். என்ற அளவுகோல், விரல் தட்டுவது முதல் படுக்கையில் புரள்வது வரை ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் தருகிறது. நீங்கள் வீட்டில் எழுதிவைக்கும் குறிப்பும் பெரிதும் உதவும். எத்தனை மணிக்கு மாத்திரை எடுத்தார், எவ்வளவு நேரத்தில் அதன் பலன் குறைந்தது, எப்போது கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றார், எத்தனை முறை விழுந்தார் என்ற விவரங்கள் எந்தப் படத்திலும் கிடையாது.

பெரைட்டல் பகுதியின் குறைவை மட்டும் கவனத்தில் வையுங்கள். அது அசைவுக் குறைபாட்டின் வடிவத்திலேயே அடங்கியதாக இருக்கலாம் என்பதால் இப்போதே அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அந்தக் குறைவு மூளையின் பின்மடல் வரை பரவியிருந்தால், நினைவும் கவனமும் பாதிக்கப்படும் வாய்ப்பு உண்டு. இல்லாத மனிதர்களையோ விலங்குகளையோ பார்ப்பதாக அவர் சொன்னாலும், பழகிய வேலையின் வரிசை தவறினாலும், அடுத்த சந்திப்பு வரை காத்திராமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்துப் பட்டியலை முதலில் மாற்றிப் பார்க்க வேண்டிய நிலை அது.

இனி எப்போதாவது ஸ்கேன் தேவைப்பட்டால், மாத்திரையை எத்தனை மணி நேரம் நிறுத்த வேண்டும் என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களாக ஒருபோதும் நிறுத்திவிடாதீர்கள். லெவோடோபாவைத் திடீரென விட்டால் கடும் விறைப்பும் அதிகக் காய்ச்சலும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.