கிணற்றடி மோட்டர் முனகுகிறது, சூடாகிறது: 35 வோல்ற் எங்கே போகிறது?

கேள்வி: நிலாவெளியில் சின்ன வெங்காயம் வைத்திருக்கிறேன். வீட்டு மெயின் சுவிச்சிலிருந்து கிணறு 110 மீற்றர் தூரம். 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் 1 குதிரைவலு மோட்டர் ஓடுது. சுவிச் போட்டால் கொஞ்ச நேரம் முனகிப்போட்டுத்தான் சுத்துது. அரை மணித்தியாலத்தில் கை வைக்க ஏலாத சூடு. ஓடும்போது மெயின் சுவிச்சில் 228 வோல்ற், கிணற்றடியில் 193 வோல்ற், ஓட்டம் 7 அம்பியர். மோட்டர்ச் சுருளில் 4 ஓம் காட்டுது. 230ஐ 4ஆல் பிரித்தால் 57 அம்பியர் வரவேணுமே? சுருள் பழுது, திருப்பிச் சுத்த வேணும் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: மோட்டரை இப்போதைக்குக் கழற்ற வேண்டாம். நீங்கள் அளந்து தந்த எண்களே பழுது வயரில் என்று காட்டுகின்றன.

முதலில் அந்த 4 ஓம். மல்டிமீற்றர் தன் பற்றரியின் நேரோட்டத்தால் சுருளின் செப்புக்கம்பியை மட்டும் அளக்கிறது. மோட்டரில் ஓடுவதோ திசை மாறி மாறி ஓடும் ஆடலோட்டம். சுருளில் எழும் காந்தப்புலம் அந்த ஓட்டத்தைத் தடுத்துப் பிடிக்கும். அதனால்தான் 57 வராமல் 7 அம்பியரோடு நிற்கிறது. வோல்ற்றை அம்பியரால் பிரித்தால் தடை என்ற கணக்கு கேத்தல், வயர் போன்றவற்றுக்கு நேராகப் பொருந்தும். ஓடும் மோட்டரின் சுருளுக்குப் பொருந்தாது.

ஆகவே அதே கணக்கை வயருக்குப் போடுங்கள். 228இல் 193 போக மிச்சம் 35 வோல்ற். 35ஐ 7ஆல் பிரித்தால் 5 ஓம். வயரில் வீணாகும் வலு 35 × 7 = 245 வாற்று. நாளுக்கு 5 மணித்தியாலம் இறைத்தால் 1.2 அலகுக்கு மேல் தண்ணீர் இறைக்காமலே மீற்றரில் ஏறுகிறது.

5 ஓம் இருக்க வேண்டுமா? 1.5 செப்பு வயருக்கு 20 பாகை செல்சியசில் கிலோமீற்றருக்கு 12.1 ஓம். போக 110, வர 110, மொத்தம் 220 மீற்றர்; அதற்கு 2.66 ஓம். கச்சான் காற்று வீசும் காலத்து வெயிலில் மணலோடு கிடக்கும் வயர் 45 பாகைக்குச் சூடானால் பத்து சதவீதம் கூடி 2.9 ஆகும். மிச்சம் 2.1 ஓம் வயருக்குச் சொந்தமில்லை. அது ஏதோ ஒரு மூட்டில் இருக்கிறது. 7 × 7 × 2.1, ஏறக்குறைய 100 வாற்று, விரலளவு இடத்தில் வெப்பமாகிறது. (மோட்டரில் ஓட்டம் வோல்ற்றுக்குச் சற்றுப் பிந்தி வரும்; அதைக் காட்டும் வலுக்காரணியைச் சேர்த்தால் உண்மைத் தடை இன்னும் சற்றுக் கூடும், குறையாது.)

கடலோரத் தோட்டங்களில் இது வழமை. முறுக்கி ரேப் சுற்றிய மூட்டுக்குள் உப்பு ஈரம் இறங்கும், செம்பில் பச்சை பூக்கும், தொடுகை குறையும். சூடேறிச் சூடேறி முறுக்கு இளகும். ரேப்பைப் பிரித்தால் உள்ளே பிசின் கருகி, வயரின் மேலுறை பழுப்பேறி, வளைத்தால் நொறுங்கும்.

மோட்டரின் இழுவிசை வோல்ற்றளவின் வர்க்கத்தோடு போகும். 193ஐ 230ஆல் பிரித்தால் 0.84, அதன் வர்க்கம் 0.7. பத்தில் மூன்று பங்கு இழுவை இல்லை. ஆனால் தண்ணீரின் பாரம் குறையாததால் மோட்டர் கூடுதல் ஓட்டத்தை இழுத்துச் சூடாகிறது. தொடக்கத்தில் ஓட்டம் பல மடங்கு என்பதால் வயரில் விழும் வோல்ற்றும் பல மடங்கு, முனகல் அதனால்தான். இப்படியே விட்டால் நல்ல சுருளும் எரியும், திருப்பிச் சுற்றினாலும் மறுபடி எரியும்.

மூட்டைக் கண்டுபிடிக்க, கால் மணித்தியாலம் ஓடவிட்டு மெயின் சுவிச்சை நிறுத்தி, கிணற்றடியில் மின் இல்லையென்று பார்த்த பிறகு ஒவ்வொரு மூட்டையும் தொட்டுப் பாருங்கள். சூடானதுதான் குற்றவாளி. ஓடும்போது ஒரே கம்பியின் மூட்டுக்கு இருபுறமும் வோல்ற் பார்ப்பது இன்னும் தெளிவு: நல்ல மூட்டில் 0.1கூட வராது, கெட்டதில் பல வோல்ற் வரும். இதை மின் வேலை தெரிந்தவரே காய்ந்த பலகையில் நின்று செய்யட்டும். ஈர மணலில் வெறுங்காலோடு வேண்டவே வேண்டாம். ட்ரிப் சுவிச்சும் வேலை செய்ய வேண்டும்.

மூட்டை வெட்டும்போது செம்பு பளபளக்கும் வரை பின்னுக்கு வெட்டுங்கள். உப்பு உறைக்குள்ளும் ஊர்ந்திருக்கும். கறுத்த கம்பியில் போட்ட புது மூட்டு நிலைக்காது. வயருக்கு அளவான செப்புக் குழாய்த் துண்டை நசுக்கிப் பொருத்தி, உள்ளே பசை உள்ள, சூடாக்கினால் சுருங்கும் குழாயால் மூடி, பெட்டிக்குள் கம்பத்தில் உயர்த்தி வையுங்கள்.

மூட்டுச் சரியானாலும் 1.5 வயரில் 20 வோல்ற் விழும்; மோட்டர் ஓடும், ஆனால் சிரமப்பட்டு. வசதி வரும்போது மூட்டே இல்லாமல் ஒரே நீளமாக 4 சதுர மில்லிமீற்றர், அதாவது 7/0.85 (0.85 மில்லிமீற்றர் விட்டமான ஏழு இழை) வயர் இழுங்கள்: 220 மீற்றருக்கு 1 ஓம், விழுவது 7 வோல்ற், வீண் 50 வாற்று. 2.5 போட்டால் 11 வோல்ற் விழும். இன்றைக்குப் பரவாயில்லை, 1.5 குதிரைவலுவுக்கு மாறினால் போதாது.

வேலை முடிந்ததும் இரு முனையையும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். ஒருவர் மெயின் சுவிச்சில், மற்றவர் கிணற்றடியில், தொலைபேசியில் பேசியபடி. வித்தியாசம் 20 வோல்ற்றுக்குள் வந்தும் சூடு குறையாவிட்டால், அப்போது மோட்டரின் கப்பாசிற்றரையும் பெயரிங்கையும் பாருங்கள்.