லாட்டரிப் பணம் எங்கள் பள்ளிக்கு வருகிறதா? எங்கே பார்ப்பது?

கேள்வி: கலிஃபோர்னியாவில் வசிக்கிறோம். மகள் அரசுப் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி திறந்ததுமே நகலெடுக்கும் தாளுக்கும் ஓவிய வகுப்புக்கும் பெற்றோரிடம் நன்கொடை கேட்கிறார்கள். லாட்டரி விளம்பரமோ பணம் பள்ளிகளுக்குப் போவதாகச் சொல்கிறது. அது எங்கே போகிறது? எங்கள் பள்ளிக்கு வந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: வருகிறது. ஆனால் நேராகப் பள்ளிக்கு வருவதில்லை, உங்கள் பகுதி அரசுப் பள்ளிகளை நிர்வகிக்கும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுக்கு வருகிறது. தொகையும் விளம்பரத்தைப் பார்த்து நாம் நினைக்கும் அளவுக்குப் பெரிதல்ல.

1984 நவம்பரில் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 37ஆம் முன்மொழிவுதான் இந்த லாட்டரியைக் கொண்டுவந்தது. டிக்கெட் விற்ற பணத்தில் பெரும்பகுதி பரிசாகத் திரும்பிப் போய்விடும். கடைக்காரர் கமிஷனும் நிர்வாகச் செலவும் போக, ஒரு டாலரில் கல்விக்கு மிஞ்சுவது கால் டாலருக்கும் குறைவு. கெடுவுக்குள் யாரும் கேட்டு வராத பரிசுத் தொகையும் கல்விக்கே சேரும். எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ஏறத்தாழ 200 கோடி டாலர். இதைப் பள்ளிகள் மட்டுமல்லாமல் சமுதாயக் கல்லூரிகளும் மாநிலப் பல்கலைக்கழகங்களும் பங்கிட்டுக்கொள்கின்றன.

பள்ளி மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 250 டாலர் வருகிறது. அதே மாணவருக்கு ஆகும் மொத்தச் செலவு 20,000 டாலருக்கு மேல். 600 பிள்ளைகள் உள்ள பள்ளி என்றால் கணக்குப்படி 1,50,000 டாலர். சம்பளம், காப்பீடு, ஓய்வூதியப் பங்கு எல்லாம் சேர்த்தால் ஓர் ஆசிரியருக்கும் அதற்குச் சற்று மேலும்தான் அது கட்டுப்படியாகும். தாளுக்கு நன்கொடை கேட்பதால் மட்டும் யாரோ பணத்தைச் சுருட்டிவிட்டதாக முடிவு கட்டிவிடாதீர்கள்.

சரி, கணக்கில் எங்கே பார்ப்பது? டிஸ்ட்ரிக்ட் இணையதளத்தில் பட்ஜெட் ஆவணத்தைத் திறந்து, ‘ரிசோர்ஸ்’ என்ற தலைப்பின் கீழ் லாட்டரிப் பணத்துக்குரிய 1100, 6300 ஆகிய இரண்டு எண்களைத் தேடுங்கள். 1100 பெரும்பாலும் கட்டுப்பாடில்லாத பணம். சம்பளத்துக்கும் போகலாம், தாளுக்கும் போகலாம். நிலம் வாங்கவோ, கட்டடம் கட்டவோ, ஆராய்ச்சிக்கோ, கற்பித்தல் சாராத வேறு காரியத்துக்கோ செலவிடக் கூடாது, அவ்வளவுதான். 6300 பாடநூல் போன்ற கற்பித்தல் பொருள்களுக்கு மட்டும். 2000இல் நிறைவேறிய 20ஆம் முன்மொழிவு இதைத் தனியாகப் பிரித்தது. வரவுப் பக்கத்தில் இரண்டுமே 8560 என்ற எண்ணில் பதிவாகும். 6300இல் மட்டும் ஆண்டுதோறும் செலவாகாத மீதி ஏறிக்கொண்டே போனால், அதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. புதிய பாடநூல் தொகுதி வாங்கச் சேர்த்து வைத்திருக்கலாம். அப்படியானால் எந்த ஆண்டு, எந்தப் பாடத்துக்கு என்று அவர்களால் சொல்ல முடியும்.

இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. லாட்டரிப் பணம் வருகிறதே என்று அரசு தன் பங்கைக் குறைத்துக்கொண்டால் என்ன பயன்? ஃப்ளோரிடாவில் 1986இல் மக்கள் லாட்டரிக்கு ஒப்புதல் கொடுத்தபோது கல்விக்குக் கூடுதல் பணம் என்றுதான் நம்பினார்கள். பிறகு அது வழக்கமான செலவுக்கே போகிறது என்ற குறை ஆண்டுக்கணக்கில் ஒலித்தது. கலிஃபோர்னியச் சட்டம் இந்தப் பணம் கூடுதலாகவே இருக்க வேண்டும் என்கிறது. அதோடு 1988இல் வந்த 98ஆம் முன்மொழிவு, பள்ளிகளுக்கு மாநிலம் ஒதுக்க வேண்டிய குறைந்தபட்சத் தொகையை நிர்ணயிக்கிறது. லாட்டரிப் பணம் அந்தக் கணக்கில் சேராது. முழுப் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெறும் வாக்குறுதியைவிட நல்ல வேலி.

எனக்கு இந்த ஏற்பாட்டில் உடன்பாடு இல்லை. வருமானத்தோடு ஒப்பிட்டால் டிக்கெட்டுக்கு அதிகப் பங்கு செலவழிப்பவர்கள் ஏழைகள். பிள்ளைகளின் படிப்புக்கான பணத்தை வருமானத்துக்கேற்ற வரியாக எடுப்பதுதான் நியாயம். ஆகவே பள்ளிக்கு உதவும் என்று டிக்கெட் வாங்காதீர்கள். அந்த ஒரு டாலரைப் பெற்றோர் சங்கத்திடம் கொடுத்தால் உங்கள் பள்ளியிலேயே செலவாகும்.

அப்புறம், அடுத்த ஆண்டு பட்ஜெட்டை ஜூலை 1க்குள் டிஸ்ட்ரிக்ட் நிறைவேற்றியாக வேண்டும். அதற்கு முன் பொதுக் கூட்டம் நடக்கும், அங்கே யாரும் பேசலாம். மே மாதமே 6300இன் மீதி எவ்வளவு என்று எழுதிக் கேளுங்கள். பொது ஆவணச் சட்டப்படி 10 நாளுக்குள், ஆவணத்தைத் தருவார்களா இல்லையா என்றாவது பதில் சொல்ல வேண்டும்.