செருப்புக்குக் காவல்

அன்புள்ள மேடம்,

பெருங்குடியில் ஐ.டி. வேலை, வயது 31. அப்பா இல்லை. வீட்டில் நானும் அம்மாவும்தான். அம்மாவுக்கு 60 முடிந்ததற்காக மே மாதம் சிங்கப்பூர் கூட்டிப்போனேன். அவளுக்கு முதல் விமானப் பயணம். சென்டோசாவில் யுனிவர்சல் ஸ்டுடியோஸுக்கு ஒரு முழு நாள் ஒதுக்கியிருந்தேன். எந்த ரைடு எத்தனை மணிக்கு என்று எக்செல் ஷீட்கூடப் போட்டேன். அம்மாவுக்கு சுகர் உண்டு, பிரஷர் இல்லை. டாக்டரும் தாராளமாக ஏறலாம் என்றார். ரோலர் கோஸ்டரில் அம்மா கத்துவதை வீடியோ எடுக்கவேண்டும் என்று ரொம்ப ஆசை. ஆனால் காலையிலிருந்து ஒரே பாட்டு: "நீ போய்ட்டு வாடி, நான் இங்கயே உக்காந்திருக்கேன்." என் ஹேண்ட்பேக், தண்ணி பாட்டில், வாங்கின பொம்மை எல்லாவற்றையும் அவளிடம் கொடுத்துவிட்டு நான் தனியாக எல்லா ரைடிலும் ஏறினேன். இறங்கி வரும்போதெல்லாம் அதே பெஞ்சில் இருந்தாள். சாயங்காலம் "இதுக்கா இவ்ளோ காசு" என்றாள். நான் கத்திவிட்டேன். திரும்பும் விமானத்தில் பேசிக்கொள்ளவே இல்லை. "இந்த வயசுல காசி, ராமேஸ்வரம்னு கூட்டிட்டுப் போகணும்டி" என்கிறார்கள் தோழிகள். என் ஆசைக்காகத்தான் அம்மாவை இழுத்துக்கொண்டு போனேனா? இனி கோயில் டூர் மட்டும்தானா? திருப்போரூர் வொண்டர்லாவுக்குக் கூப்பிடலாமா என்று யோசித்தேன், பயமாக இருக்கிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த வாரம் நான் பெசன்ட் நகர் கடற்கரையில் உட்கார்ந்து செருப்புக் குவியல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எலியட்ஸிலோ மெரினாவிலோ போய் நின்று பாருங்கள். குடும்பம் குடும்பமாக வருகிறார்கள், ஈர மணல் தொடங்கும் இடத்தில் செருப்பைக் கழற்றுகிறார்கள், அலைக்கு ஓடுகிறார்கள். குவியலுக்குப் பக்கத்தில் ஒரு பெண் உட்காருகிறாள். எட்டு ஜோடிச் செருப்பு, நாலு ஃபோன், கார் சாவி, ஒரு மூக்குக்கண்ணாடி, சின்னவனின் சட்டை. அவ்வப்போது யாராவது நனைந்துகொண்டே வந்து "நீயும் வாயேம்மா" என்பார்கள். "இதையெல்லாம் யாரு பாத்துக்கறது?" என்பாள். கேட்டவர் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னதாக நான் பார்த்ததில்லை. திரும்ப அலைக்கே ஓடிவிடுவார். ஆண்கள் காவல் இருப்பதில்லையா என்று கேட்காதீர்கள். அவர்கள் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு ஃபோட்டோ எடுக்கும் வேலையில் இருக்கிறார்கள்.

இந்த யோசனையில் இருக்கும்போது உங்கள் கடிதம். ஹேண்ட்பேக், தண்ணி பாட்டில், பொம்மை எல்லாவற்றையும் அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஏறினேன் என்று போகிறபோக்கில் எழுதுகிறீர்கள். அன்று வெயில் அடித்தது என்று எழுதுவதுபோல. அப்புறம் பத்து வரி தாண்டி, அம்மா ஏன் கூட வரவில்லை என்று அழுகிறீர்கள். தாயே, ரோலர் கோஸ்டரில் பையோடு ஏற விடமாட்டார்கள் என்பது அங்கே போன உங்களுக்குத் தெரியாதா? ஒன்று லாக்கரில் வைக்கவேண்டும், இல்லாவிட்டால் ஒரு ஆளிடம் கொடுக்கவேண்டும். பெரிய ரைடுகளின் வாசலிலேயே லாக்கர் வரிசை இருக்கிறது. எத்தனை மணிக்கு எந்த ரைடு என்று கட்டம் போட்ட ஷீட்டில் பைக்கு ஒரு கட்டம் இருந்ததா? உங்கள் அம்மா ஏற மறுத்தார் என்கிறீர்கள். மடியில் மூட்டையை இறக்கிவிட்டு "வர்றியா?" என்று கேட்டால் அவர் வேறு என்ன சொல்வார்?

காசு விஷயத்தை விட்டுவிடுங்கள். டாலரைப் பார்த்தவுடன் ரூபாயில் பெருக்கிப் பார்ப்பது நம் அம்மாக்களுக்கு மூச்சுவிடுவது மாதிரி. அதில் உங்கள்மேல் புகார் எதுவும் இல்லை. சுயநலமா என்று கேட்டிருந்தீர்கள். ஆமாம், கொஞ்சம் சுயநலம்தான், இருந்துவிட்டுப் போகட்டும். முழுக்க முழுக்க அம்மாவுக்காகவே பயணம் போகிற பிள்ளைகளோடு இரண்டு நாள் இருந்து பாருங்கள், மூன்றாம் நாள் அம்மாக்களே ஓடிவிடுவார்கள்.

காசி, ராமேஸ்வரம் பற்றி ஒன்று சொல்லவேண்டும். வயதானவர்களுக்கு பக்தி முற்றிவிடுவதால்தான் கோயில் டூர் பிடிக்கிறது என்று உங்கள் தோழிகள் நினைக்கிறார்கள். கோயில் வாசலில் செருப்புக்கு டோக்கன் கொடுக்க ஒருவர் இருக்கிறார். டோக்கனை முந்தானையில் முடிந்துகொண்டு எல்லோரும் ஒன்றாக உள்ளே போகலாம். ஒருவர் வெளியே உட்காரவேண்டிய அவசியமில்லாத சுற்றுலா நம் ஊரில் அதுதான். பக்தியும் இருக்கும், இல்லையென்று சொல்லவில்லை.

இந்த பெஞ்சுக்கு ஒரு கதை உண்டு. வால்ட் டிஸ்னி ஞாயிற்றுக்கிழமைகளில் தன் இரண்டு பெண்களை லாஸ் ஏஞ்சல்ஸில் கிரிஃபித் பார்க்கின் குடை ராட்டினத்துக்குக் கூட்டிப்போவார். பிள்ளைகள் சுற்றிக்கொண்டிருக்க, இவர் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருப்பார். பெற்றவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து விளையாட ஒரு இடம் ஏன் இல்லை என்ற எண்ணம் அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். 1955 ஜூலை 17 அன்று அனாஹைமில் டிஸ்னிலேண்ட் திறந்தது. கிரிஃபித் பார்க் பெஞ்சு ஒன்றை அங்கே இன்றும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். சும்மா உட்கார்ந்திருந்த ஒரு அப்பாவின் அலுப்பில் பிறந்ததுதான் நீங்கள் இத்தனை டாலர் கொடுத்துப் போய்வந்த இந்த மாதிரிப் பூங்கா. பெரியவர்களை பெஞ்சிலிருந்து எழுப்புவதற்காகவே கட்டியது. அங்கே போயும் உங்கள் அம்மாவுக்கு பெஞ்சுதான் கிடைத்தது.

அந்த மாதிரிப் பூங்காக்களில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. கைக்குழந்தையோடு வருகிறவர்களில் ஒருவர் வெளியே பிள்ளையை வைத்துக்கொண்டு நிற்பார், இன்னொருவர் ஏறி இறங்குவார். அப்புறம் வெளியே நின்றவர் மறுபடி முழு வரிசையில் நிற்காமலே உள்ளே போகலாம். காத்திருந்தவருக்கும் ஒரு முறை உண்டு என்று யாரோ உட்கார்ந்து யோசித்து விதி போட்டிருக்கிறார்கள். நம் வீடுகளில் அப்படி ஒரு விதி கிடையாது. காத்திருந்தவர் காத்துக்கொண்டே இருக்கவேண்டியதுதான்.

என் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். தாம்பரம் பக்கத்தில் கிஷ்கிந்தா திறந்த புதிது. இந்தியாவின் முதல் 3டி படத்தை எடுத்த நவோதயா அப்பச்சன் 1995இல் கட்டிய பூங்கா. நம் கடற்கரைச் சாலையில் அதற்கு முன்பே விஜிபி இருந்தது. ஆனால் அங்கே பெரியவர்கள் கூட்டமாக நின்றது சிலை மனிதர் முன்னால்தான். அசையாமல் சிரிக்காமல் நிற்பவரைச் சிரிக்கவைக்க மாமாக்கள் எல்லாம் கோணங்கி செய்துகொண்டிருப்பார்கள். பையைக் கீழே வைக்காமலே விளையாடலாம், அதனால் அங்கே பெரியவர்களுக்கு இடமிருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அது கிடக்கட்டும். கிஷ்கிந்தாவுக்கு என் பிள்ளைகளோடு அம்மாவையும் கூட்டிப்போனேன். நாள் முழுக்க மர நிழலில், எலுமிச்சை சாதத் தூக்குவாளியும் எங்கள் மாற்றுத்துணியும் பக்கத்தில் வைத்து உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டதற்கு "எனக்குத் தல சுத்தும்டி" என்றாள். சரி, வயசாகிறது என்று விட்டுவிட்டேன்.

ரொம்ப நாள் கழித்து எதிர்வீட்டு அக்கா ஒரு கதை சொன்னார். அம்மா தையல் வகுப்பு எடுத்தாள். அந்தப் பெண்கள் எல்லாம் சேர்ந்து வேன் பிடித்து அதே கிஷ்கிந்தாவுக்குப் போயிருக்கிறார்கள். "உங்கம்மா கொலம்பஸ்ல கடைசி வரிசதான் வேணும்னு அடம் புடிச்சாங்க. எறங்கி ஓடிப்போய் திருப்பி வரிசையில நிப்பாங்க. தொண்ட கட்டிப்போய் ரெண்டு நாள் பேச்சே வரல." அந்தக் கப்பல் ஊஞ்சலில் கடைசி வரிசைதான் அதிக உயரத்துக்குப் போகும். உச்சிக்குப் போய்த் திரும்பும் அந்தக் கணத்தில் இருக்கை உடம்பைத் தாங்குவது குறைந்துபோவதால் வயிறு மட்டும் மேலேயே தங்கிவிட்டதுபோல் இருக்கும். தலை சுற்றுகிறவள் தேடிப்போய் உட்காரும் இடமில்லை அது. அம்மாவிடமே போய்க் கேட்டேன். வெட்கப்பட்டுச் சிரித்தாள். "உன் முன்னாடி எப்படிடி கத்தறது?"

இந்தப் பதில் உங்களுக்கும் வேண்டும், எஸ். பையை லாக்கரில் வைத்திருந்தாலும் உங்கள் அம்மா ஏறியிருப்பார் என்று என்னால் உறுதியாகச் சொல்லமுடியாது. முப்பது வருஷமாக உங்களுக்கு முன்னால் பயப்படாத ஆளாக இருந்தவர். கணவர் போன பிறகு கேட்கவே வேண்டாம், வீட்டில் பயப்படாமல் இருக்கவேண்டிய ஒரே ஆள் அவர்தான். அவரைக் கூட்டிக்கொண்டு போய் "கத்து, நான் வீடியோ எடுக்கிறேன்" என்கிறீர்கள். அவர் தலைமுடி கலைந்து, புடவை விலகி, வாய் பிளந்து இருப்பதை உங்கள் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப் பார்த்துச் சிரிக்கவேண்டும். ஸோ க்யூட் என்று நாலு பேர் போடுவார்கள். குழந்தையாக்கிப் பார்க்கும் இந்த ஆசை இப்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்துவிட்டது, எனக்குப் பிடிக்கவில்லை. உங்கள் அம்மா குழந்தை இல்லை. அவருக்குக் கத்தத் தோன்றினால் கத்துவார், அதற்கு நீங்கள் அந்த இடத்தில் இருக்கவேண்டும் என்று என்ன கட்டாயம்? ஃபோன் உங்கள் கையில்தானே இருந்தது என்று வேறு கவனித்தேன். அம்மாவிடம் கொடுத்த பட்டியலில் அது இல்லை.

இதைக் கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேன் என்று தெரியும். அப்பா இல்லாத வீட்டில் அம்மாவும் பெண்ணுமாக முதல் முறை விமானம் ஏறியிருக்கிறீர்கள். டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டிருக்கிறீர்கள், அதை எத்தனை பிள்ளைகள் செய்கிறார்கள்? விமானத்தில் பேசாமல் வந்ததைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பேசாமல் பக்கத்தில் நாலு மணி நேரம் உட்கார்ந்து வருவதற்கும் உறவு வேண்டும்.

வொண்டர்லாவுக்குக் கூப்பிடுங்கள். 2025 டிசம்பரில்தான் திறந்தார்கள், எல்லாம் புதிதாக இருக்கும். ஆனால் அம்மாவை மட்டும் கூப்பிடாதீர்கள். சித்தியோ, அத்தையோ, கீழ்வீட்டு மாமியோ, அவர் வயதில் இரண்டு மூன்று பேரையும் சேர்த்துக் கூப்பிடுங்கள். ஞாயிறும் பொங்கல் விடுமுறையும் வேண்டாம், நடுவாரத்தில் லீவு போடுங்கள். முதல் வேலையாக உடுப்பைக் கவனியுங்கள். தண்ணீர்ப் பகுதியில் புடவை, பருத்திச் சுடிதார் எதற்கும் அனுமதி கிடையாது, நைலான் அல்லது பாலியெஸ்டர்தான். பருத்தி நூல் பிரிந்து ஃபில்டரை அடைத்துக்கொள்ளும், நனைந்தால் கனக்கும், சறுக்கும்போது எங்காவது மாட்டிக்கொள்ளும். நியாயமான விதிதான். ஆனால் இதை வாசலில் போய்த் தெரிந்துகொள்ளும் அம்மாக்கள்தான் வேவ் பூல் ஓரத்தில் புடவையைக் கணுக்காலுக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ரங்கநாதன் தெருவில் முழங்கால் தாண்டிய நைலான் டைட்ஸும் முழுக்கை டி-ஷர்ட்டும் முன்கூட்டியே வாங்குங்கள், எல்லாருக்கும் ஒரே நிறத்தில் இருந்தால் வெட்கம் பாதியாகும். வீட்டிலேயே ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தண்டவாளம் தலைக்குமேல் ஓட, கால் தொங்கும் கோஸ்டர் ஒன்று அங்கே இருக்கிறது. அதில் ஏறச்சொல்லி வற்புறுத்தவேண்டாம், வேண்டாமென்று தடுக்கவும் வேண்டாம். யாருக்காவது பிரஷரோ முதுகுவலியோ இருந்தால் வாசலில் இருக்கும் பலகை என்ன சொல்கிறதோ அதுதான், அதோடு வாதாடக்கூடாது.

பைகளை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். மாமிகளின் பைகளையும்தான். லாக்கர் இருக்கும்போது எதற்கு என்று கேட்டால், ஒரு நாள் பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள் என்றுதான் சொல்வேன். ரைடு தெரிகிற பெஞ்சாக வேண்டாம், கொஞ்சம் தள்ளி, கேன்டீன் பக்கம் இருந்தால் நல்லது. ஃபோனில் சார்ஜ் தீர்ந்துபோயிருந்தால் இன்னும் நல்லது. சுகர் இருப்பவர் நேரத்துக்குச் சாப்பிடவேண்டும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் "எப்படிம்மா இருந்துச்சு?" என்று பின்னாலேயே போகாதீர்கள். ராத்திரி சித்தியிடம் ஃபோனில் பேசாமலா இருக்கப்போகிறார்?