நெற்கதிர் பந்தைச் சுற்றி வர மறுக்கிறதா?

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: விளையாட்டுக் கழகத்துக்கு இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் சின்னம் வரைகிறேன். நடுவில் பந்து, சுற்றிவர 12 நெற்கதிர். ஒரு கதிரைப் படியெடுத்துச் சுழற்றினால், நின்ற இடத்திலேயே சுழல்கிறது. காசு கொடுத்து வாங்கும் வரைகலை மென்பொருளான கோரல்ட்ரோ போட்டால்தான் சரிவரும், 5000 ரூபாய் தாருங்கள் என்கிறார் கடைக்காரர். கொடுக்கலாமா?

ஒரு சதமும் கொடுக்காதீர்கள். அந்தக் காசுக்கு வருவது திருட்டுப் பிரதி. கூடவே வைரஸும் வரலாம். கோரல்ட்ரோவிலும் சுழல் மையத்தை நீங்கள்தான் நகர்த்த வேண்டும். இலவசமாக இறக்கக்கூடிய இங்க்ஸ்கேப்பையே காசுக்குப் போட்டுக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள், கவனம்.

மாடு கட்டையைத்தானே சுற்றும்? உங்கள் கதிரின் கட்டை அதன் வயிற்றிலேயே அடித்திருக்கிறது. கதிரை ஒருமுறை கிளிக் செய்தால் அளவு மாற்றும் அம்புகள் வரும். மறுபடி கிளிக் செய்யுங்கள். மூலைகளில் வளைந்த அம்புகள், நடுவில் ஒரு சிறு சிலுவைக்குறி. அந்தக் குறியைப் பிடித்துப் பந்தின் நடுவில் கொண்டுபோய் வையுங்கள். இதைப் படியெடுக்க முன்னமே செய்ய வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு படியும் அதே மையத்தோடு பிறக்கும். பிறகு கன்ட்ரோல்-டி அடித்துப் படியெடுத்து, கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு மூலை அம்பை இழுங்கள். 15 பாகையாகத் தாவும். இரண்டு தாவல் 30. இப்படிப் பதினொரு தரம் செய்தால் வட்டம் நிறையும்.

கடிதத்தலைப்புக்குச் சின்னத்தைச் சிறிதாக்கும்போது கோடுகள் மட்டும் தடிப்பாகவே நின்றால், மேல் பட்டையில் கோட்டின் தடிப்பையும் சேர்த்து மாற்றும் பொத்தானை அழுத்திவிடுங்கள். அவ்வளவுதான்.

கழகத்தின் பெயர்தான் தனிக் கதை. யூனிகோடு அல்லாத பழைய தமிழ் எழுத்துருவான பாமினியில் அடித்திருந்தால், பாமினி இல்லாத கணினியில் அது ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும். யூனிகோடில் அடித்தால் வாசிக்கலாம், ஆனால் எழுத்துரு மாறி அகலம் கூடிக் குறையும். வளைத்து வைத்த பெயர் கதிரில் முட்டும். அதனால் அச்சகத்துக்குக் கொடுக்கும் கோப்பில் எழுத்தைத் தெரிவுசெய்து ஷிஃப்ட்-கன்ட்ரோல்-சி அடித்துப் பாதையாக்குங்கள், அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக்குங்கள். பாதையான பிறகு எழுத்துப்பிழை திருத்த முடியாது. ஆகவே மாற்றாத மூலக்கோப்பு ஒன்று கட்டாயம் உங்களிடம் இருக்க வேண்டும். திரும்பச் சொல்கிறேன்: இரண்டு கோப்பு. பெயரில் ழகரம் ளகரமாகிப்போனது பதாகை வந்த பிறகுதான் பெரும்பாலும் கண்ணில் படும்.

இவ்வளவு செய்தாலும் சில அச்சகங்கள் கோரல் கோப்புத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும். அலுவலகங்களோ சின்னத்தை வேர்டில் ஒட்டி அனுப்பச் சொல்லும்; ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. அச்சகத்துக்கு பிடிஎஃப் கொடுங்கள். "வெக்டர் (எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத கோட்டுப் படம்) ஆக்கித் தருகிறோம்" என்று தனிக்காசு கேட்டால் எழும்பி வாருங்கள். உங்கள் கையில் இருப்பது வெக்டர்தான்.