தமிழ் வழியில் படித்துவிட்டுப் பொறியியல் முதலாம் ஆண்டில் ஒன்றும் புரியவில்லை. விட்டுவிடலாமா?

அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது, வகுப்பில் ஒன்றும் புரியவில்லை, ஊருக்கே திரும்பிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், திரும்பாதீர்கள். இதே இடத்தில் நானும் நின்றிருக்கிறேன்.

ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக்காடுகளுக்கு நடுவே எங்கள் ஊர். 2014-இல் கோயம்புத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்ந்தேன். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் 200-க்கு 187 வாங்கியிருந்தேன். எங்கள் பள்ளியில் அந்த வருடம் அதுதான் அதிகம்.

முதல் வாரக் கணக்கு வகுப்பு இன்னும் நினைவில் இருக்கிறது. மேட்ரிக்ஸ், டிடர்மினன்ட், அட்ஜாயின்ட், இன்வர்ஸ் என்று பேராசிரியர் போய்க்கொண்டே இருந்தார். பலகையில் இருந்த எண்களை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. ஆனால் அவர் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லும் பிடிபடவில்லை. ரேங்க் கண்டுபிடியுங்கள் என்றார். எனக்குத் தெரிந்த ரேங்க், அப்பா கையெழுத்துப் போடும் ரேங்க் கார்டில் இருப்பதுதான். பக்கத்தில் இருந்த பெண் மளமளவென்று போட்டு முடித்துவிட்டாள். என் நோட்டில் அன்றைய தேதி மட்டும் இருந்தது.

சந்தேகம் கேட்கலாம் என்றால் ஆங்கிலத்தில் கேட்க வேண்டும். அதனால் அந்த செமஸ்டர் முழுக்க நான் எழுந்து நிற்கவே இல்லை. இரவு எட்டு மணிக்கு அம்மா போன் செய்து "சாப்பிட்டியா பாப்பா, பாடமெல்லாம் புரியுதா?" என்பார். "புரியுதும்மா" என்று சொல்லிவிட்டு விடுதி மொட்டை மாடிக்குப் போய் அழுவேன். நீங்கள் வீட்டில் பொய் சொல்வதாக எழுதியிருந்ததைப் படித்தபோது அந்த மாடிதான் ஞாபகம் வந்தது.

செமஸ்டர் தேர்வில் கணக்கும் கம்ப்யூட்டர் புரோகிராமிங்கும் போயின. இரண்டு அரியர். அப்பாவிடம் சொல்ல எனக்கு நான்கு நாள் ஆனது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "மறுபடி எழுத விடுவாங்களா?" என்றார். "விடுவாங்கப்பா" என்றேன். "அப்போ எழுது" என்று சொல்லிவிட்டு, மெஸ்ஸில் சாப்பாடு எப்படி என்று கேட்டார். அன்றைக்குத்தான் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

அந்த வாரம் எதிர் அறையில் இருந்த மூன்றாம் ஆண்டு அக்காவிடம் போனேன். அவரும் தமிழ் வழியில் படித்தவர்தான். "பன்னிரண்டாவது கணக்குப் புத்தகத்தை ஊரிலிருந்து எடுத்துட்டு வா" என்றார். எடுத்து வந்ததும், அதையும் கல்லூரிப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தார். டிடர்மினன்ட் என்றால் அணிக்கோவை. அட்ஜாயின்ட் என்றால் சேர்ப்பு அணி. இன்வர்ஸ் நேர்மாறு. அந்த ரேங்க்? அணியின் தரம். பொதுத் தேர்வுக்காக நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்த கணக்கு! எனக்குத் தெரிந்த ஒன்று, வேறு பெயரில் வந்ததால் தெரியாமல் போயிருந்தது.

அன்றிரவே ஒரு நோட்டுப் போட்டேன். இடது பக்கம் தமிழ்ச் சொல், வலது பக்கம் ஆங்கிலச் சொல், கீழே ஒரு சின்னக் கணக்கு. வகுப்பில் புதிய சொல் காதில் விழுந்தால் விழுந்தபடி தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு, இரவில் அது எது என்று தேடுவேன். ஐகன் மதிப்பு மாதிரி பள்ளியில் இல்லாத விஷயங்களும் வரத்தான் செய்தன. ஆனால் அவை நான் பயந்த அளவுக்கு நிறைய இல்லை. அடுத்த செமஸ்டரிலேயே கணக்கு அரியரை எழுதித் தேறிவிட்டேன்.

புரோகிராமிங்குக்கு இந்த வழி உதவவில்லை. நான் அதுவரை கம்ப்யூட்டரையே சரியாகத் தொட்டதில்லை. லேப் முடிந்த பிறகும் உட்கார்ந்து, ஒவ்வொரு நிரலையும் கையால் அடித்து, ஒரு வரியை மாற்றினால் என்ன ஆகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் வந்தது. இதற்கு ஒரு வருடம் பிடித்தது.

இன்னொன்று. இன்ஜினியரிங் கிராஃபிக்ஸை மட்டும் பயந்து ஒதுக்காதீர்கள். டிராஃப்டர் என்ற வரைகருவியைப் பிடித்து ஒரு கோட்டின் மேல்தோற்றமும் முன்தோற்றமும் வரைய ஆங்கிலம் பெரிதாக வேண்டியதில்லை. வகுப்பில் எனக்கு முதன்முதலில் "குட்" கிடைத்தது அதில்தான். பழைய டிராஃப்டர் சீனியர்களிடம் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள்.

அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி என்றால் உங்களுக்கு எந்த ஆண்டின் விதிமுறை (ரெகுலேஷன்) என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்கு நூற்றுக்கு இன்டர்னல் (கல்லூரியிலேயே போடும் மதிப்பெண்) 20, செமஸ்டர் தேர்வு 80. 2021 விதிமுறையில் எழுத்துப் பாடங்களுக்கு அது 40, 60 ஆனது. அப்படியென்றால் வகுப்புத் தேர்வுகளில் வாங்கும் ஒவ்வொரு மதிப்பெண்ணும் உங்களைத் தாங்கும்.

ஒதுக்கீட்டில் வந்தவர் என்று யாரோ சொன்னதை எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. அந்த 7.5 சதவீதம் 2021-இல் சட்டமன்றத்தில் நிறைவேறிய சட்டம். உங்கள் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. எங்கள் காலத்தில் அது இல்லை. அப்பா வட்டிக்கு வாங்கித்தான் கட்டினார். உங்களுக்கு உரிமையாக வந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள், யாருக்காகவும் எழுந்துகொள்ளாதீர்கள்.

இரவில் மனசு ரொம்பக் கனத்தால் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-க்குக் கூப்பிடுங்கள். இலவசம், தமிழில் பேசலாம். நான் மாடியில் அழுத நாட்களில் இப்படி ஒரு எண் தெரிந்திருந்தால் கூப்பிட்டிருப்பேன்.

என் நோட்டு இன்னும் பத்திரமாக இருக்கிறது. கணக்குப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பி வைக்கிறேன். ஆனால் முதல் பத்துச் சொற்களை நீங்களே எழுதிப் பாருங்கள். அணிகள் பாடத்திலிருந்தே ஆரம்பிக்கலாம், பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் அதுதான் முதல் பாடம்.